உயிரோடு திரும்பி வந்தவர்களைப் பற்றியும் பேசுவோம்

ஒருவர் மிலிட்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர் என்று தெரிந்ததும் நம் ஆட்கள் கேட்பது இரண்டே கேள்விதான். "சண்டையில எத்தனை பேரைச் சுட்டீங்க?" அடுத்தது, "கேண்டீன் சரக்கு கிடைக்குமா?" இரண்டையும் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அந்த மனிதர் எங்கோ எல்லையில் இருந்தபடியே தங்கைக்குக் கல்யாணம் செய்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, நிலத்துக் கடனை அடைத்திருக்கிறார். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கார்கில் போரின்போது 1999 மே 29 அன்று பட்டாலிக் பகுதியில் உயிர்விட்ட மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவிடம் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் அவர் உடல் அந்த மலையிலேயே கிடந்து, அப்புறம்தான் ஊர் வந்தது. வீர் சக்ரா கொடுத்தார்கள். அங்கே மாலை விழ வேண்டும், விழட்டும். நான் பேச வந்தது, சர்வீஸை முழுதாக முடித்துவிட்டு வந்து நம் தெருக்கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்களைப் பற்றி.

எங்கள் ஒரத்தநாடு பக்கம் இப்படிப்பட்டவர்கள் நிறைய. என் சித்தப்பாவும் ஒருவர். மதராஸ் ரெஜிமெண்ட். நீலகிரி வெலிங்டனில் பயிற்சி முடித்துச் சிப்பாயாகப் போனவர், 26 வருட சர்வீஸுக்குப் பிறகு ஹவில்தாராக ஊர் வந்தார்.

வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, அதுபோக 30 நாள் கேஷுவல். கேட்க நிறையத்தான் தெரியும். ஆனால் வேண்டிய நேரத்தில் கிடைக்க வேண்டுமே! தமிழர், மலையாளிகள், தெலுங்கர், கன்னடர் எல்லாரும் இருக்கிற ரெஜிமெண்ட் அது. ஓணத்துக்கு ஒரு கூட்டம், பொங்கலுக்கு ஒரு கூட்டம் லீவு கேட்டு நிற்கும். புதிதாகக் கல்யாணமான பையன்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சித்தப்பா பெரும்பாலும் பங்குனியில்தான் வருவார். அறுவடை முடிந்த வயலில் உளுந்து பறித்துக்கொண்டிருக்கும் நேரம். வந்த மறுநாளே களத்தில் நிற்பார்.

அவர் எழுதிய இன்லாண்டு லெட்டர்களைச் சித்தி இன்னும் கட்டி வைத்திருக்கிறார். '56 ஏ.பி.ஓ.' என்று ராணுவத் தபால் நிலையத்தின் முகவரிதான் இருக்கும், எந்த மலை, எந்த எல்லை என்று தெரியாது. ஒன்றை வாங்கிப் படித்தேன். நலம் விசாரித்த கையோடு, "மேட்டூர் திறந்தாச்சா, நம்ம வாய்க்காலுக்கு எப்ப தண்ணி வரும்?" அப்புறம் நாற்றங்கால். மணியார்டர் வந்ததும் சொசைட்டிக் கடனைக் கட்டச் சொல்லி ஒரு வரி. மகன் கணக்கில் மார்க் குறைந்திருக்கிறான், அதற்காக அடிக்க வேண்டாம் என்று ஒரு வரி. தாள் முடிந்துவிட்டது. ஒட்டும் மடிப்பின் ஓரத்தில், எழுத்தைப் பொடிப்பொடியாக்கி, "உன் பல்வலி எப்படி இருக்கு? தஞ்சாவூர் போய்க் காட்டினியா?"

குடும்பத்தின் மேல் பாசமுள்ளவர் என்று யாரையாவது சொன்னால் எனக்கு அந்த மடிப்போரத்து வரிதான் ஞாபகம் வரும்.

இந்தப் பக்கம் சித்தியின் சர்வீஸைச் சொல்லாவிட்டால் கணக்கு பாதிதான். நடவுக்கு ஆள் பிடித்ததும், மாமனாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அவர்தான். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். ரோட்டோரம் காயப்போட்டுவிட்டு, மழை வந்துவிடக்கூடாதே என்று ராத்திரி முழுக்க அங்கேயே உட்கார்ந்திருப்பார். கார்கில் சமயத்தில் இத்தனை வேலைக்கும் நடுவே எஸ்.டி.டி. பூத்தில் போன் வருமா என்று காத்துக்கிடந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

சித்தப்பா ஒரேயடியாக ஊர் வந்த பிறகுதான் இருவருக்கும் சிரமமான காலம் என்று சொல்வேன். அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருப்பார், மகன் அம்மாவிடம் போய் அனுமதி கேட்பான். சித்தப்பாவுக்கு அது வலித்தது, முகத்தில் தெரியும். ஆனாலும் அதிகாரம் செய்ய அவர் கிளம்பவில்லை. ராத்திரி சாப்பிட்டதும் சித்தியிடம், "நாளைக்கு எந்த வயலுக்குத் தண்ணி வைக்கணும்?" என்று கேட்டுக்கொள்வார். இத்தனை வருடம் உத்தரவுகளுக்கு நடுவே வாழ்ந்தவர் இப்படிக் கேட்பது சின்ன விஷயமில்லை. பென்ஷன் போதாமல் தஞ்சாவூரில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு காவலுக்கு நின்றார். அதையும் மதிப்பாகத்தான் செய்தார், சட்டை மடிப்பு கலையாமல்.

2018 நவம்பர் 16 கஜா புயலில் தென்னையெல்லாம் சாய்ந்தபோது இருவரும் கொல்லையில் சேர்ந்து நின்றார்கள். அதற்கு முன்பு வந்த நஷ்டங்களையெல்லாம் சித்தி தனியாகப் பார்த்தார், அவர் கடிதத்தில் படித்தார்.

ராணுவத்துக்கு ஆள் எடுக்க 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தை நான் எதிர்ப்பது இதனால்தான். நாலு வருடம், அதற்கு மேல் நாலில் ஒருவருக்குத்தான் வேலை, மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை. கையில் ஒரு தொகையோடு அனுப்பிவிடுவார்கள். இப்போதும் விடியற்காலையில் புது ஆற்றுக் கரையில் பையன்கள் ஆர்மி தேர்வின் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறார்கள். சித்தப்பா காலத்தில் குறைந்தது 15 வருடம் முடித்தால் சிப்பாய்க்குப் பென்ஷன் உறுதி. அந்த உறுதியை நம்பித்தான் பெண் கொடுத்தார்கள், வீடு கட்டினார்கள். இந்தப் பையன்களில் பெரும்பாலானவர்கள் இருபத்தைந்து வயதுக்குள் மறுபடி வேலை தேட வேண்டும். தேசத்துக்காக நிற்கச் சொல்கிறோம் என்றால் அவன் குடும்பம் நிற்கவும் வழி செய்ய வேண்டாமா?

கடைசியாக ஒரு வேலை. கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாம் யூனிட்டில் 'பார்ட் டூ ஆர்டர்' ஆகப் பதிவாக வேண்டும். சித்தப்பா எல்லாவற்றையும் ஒழுங்காக அனுப்பியும், ஆவணத்தில் சித்தியின் பெயரில் ஒரு எழுத்து மாறி, ஆதாரோடு ஒத்துப்போகவில்லை. அவர் இருக்கும்போதே மாற்றி மாற்றி மனு போட்டுச் சரிசெய்துவிட்டார். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு அம்மாவுக்கு அப்படி நடக்கவில்லை. கணவர் போன பிறகு, குடும்ப ஓய்வூதியத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்.

உங்கள் தெருவில் மிலிட்டரிக்காரர் இருந்தால், அவருடைய பென்ஷன் புத்தகத்தையும் வீட்டம்மாவின் ஆதாரையும் வாங்கிப் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்துக்குள் போய்ப் பார்க்க அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்கள் போனிலேயே காட்டுங்கள். வருடா வருடம் கொடுக்கும் உயிர்வாழ் சான்றில் கைரேகை விழவில்லை என்றால் முகத்தைக் காட்டியும் பதியலாம், அதையும் சொல்லிக்கொடுங்கள். கூட வீட்டம்மாவையும் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.