ஓநாய்க்கு விழுந்த வாக்குகளும் நம் மலையடிவாரமும்

நம் கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளில் ஓநாய் கிடையாது. கூட்டமாக வேட்டையாடும் இனத்தில் நமக்கு இருப்பது செந்நாய்தான். அதைக் கொன்றவருக்கு அரசே சன்மானம் வழங்கும் வழக்கம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை இந்நாட்டில் இருந்தது. அப்படியிருக்க, எங்கோ ஓநாய்க்காக நடக்கும் அரசியல் நமக்கு எதற்கு என்று பேச்சிப்பாறைக்காரர் ஒருவர் கேட்டால், ஓநாயைக் காக்கப் போராடும் அந்த இயக்கங்கள் வென்ற கதையைவிட வென்றபின் இழந்த கதை நமக்கு உதவும் என்பேன்.

சுவிட்சர்லாந்தில், நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை எதிர்த்து 100 நாள்களுக்குள் 50,000 பேர் கையெழுத்திட்டால் அது மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தே தீர வேண்டும். ஓநாய்களைச் சுடுவதை எளிதாக்கிய வேட்டைச் சட்டத் திருத்தத்தை இயற்கை அமைப்புகள் அவ்வழியில் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்து, 2020 செப்டம்பரில் 51.9 விழுக்காடு வாக்குகளால் வீழ்த்தின. ஆனால் நகரங்கள் ஓநாயின் பக்கம் நின்றபோது, ஆடு மேய்க்கும் மலைப் பகுதிகள் எதிர்ப்பக்கம் நின்றன. அந்தப் பிளவு ஆறவே இல்லை. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் வேறொரு திருத்தத்தை நிறைவேற்றியது. இம்முறை வாக்கெடுப்பு நடக்கவில்லை. சேதம் நேரும் முன்னரே ஓநாய்களைச் சுட்டுக் குறைக்க 2023 டிசம்பரில் வழி திறந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் நிலைமை இன்னும் மோசம்: கூட்டாட்சி அரசின் பாதுகாப்பு நீங்கியதும், 2021 பிப்ரவரியில், உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களுக்கு 119 என்று வகுத்த வரம்பைத் தாண்டி மூன்று நாளுக்குள் 218 ஓநாய்கள் கொல்லப்பட்டன.

இங்கே துப்பாக்கியைவிடக் கம்பிதான் ஆபத்து. மரச்சீனி விளைக்குள், அதாவது மரவள்ளித் தோட்டத்துக்குள், பன்றி நுழையும் தடத்தில், பைக்கின் பழைய பிரேக் கம்பியைச் சுருக்காக்கி, முழங்கால் உயரத்தில், ரப்பர் மரத்தின் அடியில் கட்டிவிடுகிறார்கள். பன்றிக்கு வைத்த சுருக்கு செந்நாயையும் கேளையாடு என்னும் சிறு மானையும் பார்த்து விலகுவதில்லை. வைத்தவரைக் கொடியவர் என்று நாகர்கோவிலில் உட்கார்ந்து எழுதுவது எளிது. ஒரே இரவில் விளை முழுவதும் கிளறப்பட்டதைக் காலையில் பார்ப்பவர் அவர்தான். காப்புக்காட்டு எல்லைக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்ததும், காட்டை ஒட்டியே விளை வைத்திருப்பவருக்குப் பயன் தராது.

ஆகவே, செந்நாய்க்காக மனு எழுதுபவர்கள் அதில் முதல் கோரிக்கையாகப் பயிர்ச்சேத நிவாரணம் காலத்தோடு கிடைப்பதையும், அடுத்ததாக விவசாயிகளையும் காணிப் பழங்குடி மக்களையும் சேர்த்துக்கொண்டு சுருக்குகளை அகற்றும் ரோந்தையும் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. முதல் கையெழுத்து விளைக்காரருடையதாக இருக்கட்டும். ஊராட்சியில் கிராமசபைத் தீர்மானமாக அதை நிறைவேற்றலாம்; ஆனால் குலசேகரம், பொன்மனை, கடையால் போன்றவை பேரூராட்சிகள் என்பதால் அங்கே கிராமசபை இல்லை, வார்டு உறுப்பினர்களைத்தான் வீடு வீடாகப் பார்க்க வேண்டியிருக்கும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து எண் வாங்கியதோடு வேலை முடிந்ததாக நினைப்பவர்கள், தேர்தல் வரும்போது பத்மநாபபுரம், விளவங்கோடு வேட்பாளர்களிடம் அதே மனுவின் நகலை நீட்டி, பதிலை எழுத்தில் கேட்கவும் தயாராக வேண்டும்.