சந்திரயான்-3 ராக்கெட்டின் மேல்நிலை பசிபிக்கில் 'இறக்கப்பட்டதா'?

ஒருவர், சந்திரயான்-3-ஐ ஏற்றிச் சென்ற எல்விஎம்3 ராக்கெட்டின் கிரையோஜெனிக் மேல்நிலையை (மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் கடைசி அடுக்கை) இஸ்ரோ குறிபார்த்துப் பசிபிக் கடலில் இறக்கியது என்றும், 'செயலிழக்கச் செய்தோம்' என்று இஸ்ரோ சொன்னதற்கு அதுதான் பொருள் என்றும் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

2023 நவம்பர் 15 அன்று நடந்தது கட்டுப்பாடற்ற மறுநுழைவு, அதாவது யாரும் வழிநடத்தாமல் அது தானாக வளிமண்டலத்துக்குள் திரும்பி வந்தது. இஸ்ரோவின் அறிவிப்பே அப்படித்தான் சொல்கிறது. வட பசிபிக்கில் விழக்கூடும் என்பது கணிப்பு, யாரும் குறிவைத்த இடமல்ல. அந்த மேல்நிலை விடப்பட்ட சுற்றுப்பாதையில் பூமிக்கு மிக அருகிலான புள்ளி சுமார் 133 கி.மீ. உயரத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் காற்று உரசி வேகத்தைக் குறைக்க, ஏவிய 124 நாளில் அது தானாகவே கீழே வந்துவிட்டது. 25 ஆண்டுக்குள் அகற்ற வேண்டும் என்ற சர்வதேச வழிகாட்டுதலுக்கு இது தாராளமாகப் பொருந்துகிறது. அதைப் பாராட்டலாம், தவறே இல்லை.

செயலிழக்கச் செய்வது வேறு வேலை. மிச்ச எரிபொருளையும் அழுத்த வாயுவையும் வெளியேற்றி, பின்னால் வெடிக்காமல் பார்த்துக்கொள்வது. 2001-இல் இஸ்ரோவின் பிஎஸ்எல்வி-சி3 ராக்கெட்டின் நான்காம் நிலை விண்ணிலேயே வெடித்து நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறியது. அந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான் இது. விழும் இடத்தை இது தீர்மானிக்காது.

உண்மையிலேயே குறிபார்த்து இறக்கியது வேண்டுமென்றால், 2023 மார்ச் 7-இல் மேகா-டிராபிக்ஸ்-1 செயற்கைக்கோளை இறக்கியதைப் பாருங்கள். அதில் மீதமிருந்த எரிபொருளை எரித்து, பாதையைப் படிப்படியாகத் தாழ்த்தி, பசிபிக்கில் ஆளில்லாப் பகுதிக்கு மேல் வளிமண்டலத்துக்குள் நுழைய வைத்தார்கள்.