மாலரை ஜோசியர் ஆக்காதீர்கள்

ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு கதை தவறாமல் வந்துவிடும். குழந்தைகள் சாவைப் பற்றிப் பாடல்கள் எழுதினார், பிறகு அவருடைய மூத்த மகளே இறந்துபோனாள். ஆறாவது சிம்பொனியில் விதியின் அடியாக நிஜச் சம்மட்டியை மூன்று முறை ஓங்கி அடிக்க வைத்தார், 1907-இல் அவர் மேலேயே மூன்றும் விழுந்தன: மகள் சாவு, இதயக் கோளாறு, வியன்னா ஓபரா என்ற இசைநாடக அரங்கின் பதவி போனது. கேட்பவருக்குப் புல்லரிக்கும். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அந்தப் பாடல்கள் 1901-க்கும் 1904-க்கும் இடையில் வந்தவை. வரிகள் ரூக்கெர்ட் என்ற ஜெர்மன் கவிஞர் தன் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு எழுதியவை. இதற்கு மாலர் எதிர்காலத்தை எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. இக்லாவ் ஊரில் சாராயக் கடை வைத்திருந்த அப்பாவின் வீட்டில் அவர் பிள்ளைச் சாவுகளைப் பார்த்தே வளர்ந்தவர். உயிராக இருந்த தம்பி எர்ன்ஸ்ட் 1875-இல் இறந்தபோது மாலருக்கு வயது 14. துக்கம் பின்னாலிருந்து வந்தது, முன்னாலிருந்து அல்ல.

சரி, சம்மட்டி? மூன்றாவது அடியை மாலரே 1906-இல் எடுத்துவிட்டார். பதவி விஷயமும் அப்படித்தான். யூதராகப் பிறந்த அவரை யூத வெறுப்புப் பத்திரிகைகள் குதறிக்கொண்டிருந்தன என்பது உண்மை. ஆனால் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவோடு அவர் ஒப்பந்தம் போட்டது ஜூனில், மகள் இறந்தது ஜூலையில். அதாவது வேறு வேலையை அவர் முன்பே பிடித்துவிட்டார். கதையை ஊருக்குப் பரப்பியதில் பெரும்பங்கு மனைவி ஆல்மாவின் நினைவுக் குறிப்புகளுக்கு. அவை அச்சானது 1940-இல்.

நான் ரசிக்கும் மாலர் வேலைக்காரர். வருடத்தில் பெரும்பகுதி ஓபராவுக்குப் போய்விடும். 1897 முதல் பத்து வருடம் வியன்னாவில் இயக்குநர். தாமதமாக வருபவர்களை உள்ளே விடவில்லை, காசுக்குக் கைதட்டும் கும்பலை விரட்டினார், வெட்டிச் சுருக்கிப் போட்டுவந்த ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராக்களை முழுதாகப் போட்டார். பாடகர்கள் அவரிடம் பட்ட பாடு தனிக்கதை. சொந்தமாக எழுதக் கிடைத்தது கோடை விடுமுறை மட்டும். ஏரிக்கரைக் காட்டில் கட்டிய சின்னக் குடிலில் உட்கார்ந்து சிம்பொனி எழுதினார். வாத்தியக் குழுவோடு தினமும் மல்லுக்கட்டியவர் என்பது இசைக்குறிப்பின் ஓரங்களிலேயே தெரியும். சம்மட்டிச் சத்தம் உலோகம்போல இருக்கக் கூடாது, கோடரி வெட்டுபோல மந்தமாக விழ வேண்டும் என்று எழுதியிருக்கிறார். இன்றைக்கும் இசைக்குழுக்கள் அதற்காகவே மரப்பெட்டி செய்கின்றன.

இந்த விதிக் கதையில் இன்னொரு வசதியும் இருக்கிறது: மாலர் பாவப்பட்டவராகிவிடுகிறார், செய்த தப்பு மறைந்துவிடுகிறது. ஆல்மாவும் இசை எழுதியவர். கல்யாணத்துக்கு முன், 1901 டிசம்பரில், இனி நீ எழுதக் கூடாது என்று அவருக்கு நீளமான கடிதம் போட்டார் இந்த மேதை. 1910-இல் மணவாழ்க்கை ஆட்டம் கண்ட பிறகுதான் ஆல்மாவின் பாடல்கள் ஐந்தை அச்சேற்ற உதவினார். அடுத்த வருடம் மே மாதம், 50 வயதில், மாலர் போய்விட்டார். இதில் விதி எங்கே வந்தது?

மாலரைப் புதிதாகக் கேட்பவர்கள் ஆறாவதில் ஆரம்பிக்க வேண்டாம். முதல் சிம்பொனியின் மூன்றாம் பகுதியைப் போடுங்கள். பிள்ளைகள் பாடும் 'பிரேர் ஜாக்' மெட்டைச் சோகமாக்கி, வயலின் குடும்பத்தின் பெரிய வாத்தியமான டபுள் பாஸ் ஒன்றில் தனியாக, சாவு ஊர்வலமாக ஆரம்பிப்பார். கொஞ்ச நேரத்தில் கல்யாண வீட்டு பேண்ட் ஒன்று குறுக்கே புகுந்துவிடும். 1889-இல் புடாபெஸ்ட்டில் முதலில் கேட்டவர்கள் குழம்பிப்போனார்கள்.