டைமரைக் கழற்றி எறிவதற்கு முன்

பழைய ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினைத் தன் விருப்பத்துக்கு மாற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் கை வைப்பது, துவைப்பு, அலசல், ஸ்பின் என்று படிகளை வரிசையாக நகர்த்தும் குமிழ் டைமரில்தான். அதைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, புரோகிராம் எழுதி ஓட்டும் சின்னச் சிப்பான மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றும், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே எட்டும் வாங்கி, எல்லாவற்றையும் அடியிலிருந்து எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். டைமர் உயிரோடு இருக்கும்போது இது வீண்வேலை என்பேன். கூடுதல் நேரம் ஊறவைப்பது, தண்ணீர் மட்டத்தை உயர்த்துவது, சூட்டைக் குறைப்பது என்று கேட்கப்படும் மாற்றங்களில் பெரும்பாலானவை டைமரைத் திறக்காமலே, அதற்கு வெளியே நாலைந்து வயர்களில் முடிகிற காரியம்.

1937இல் பெண்டிக்ஸின் வீட்டு ஆட்டோமேட்டிக் வந்ததிலிருந்து எலக்ட்ரானிக் போர்டுகள் இடம் பிடிக்கும்வரை ஒரே யோசனைதான் ஓடியது: ஒரு சின்ன சிங்க்ரனஸ் மோட்டார், பல்சக்கரங்கள், மேடுபள்ளம் வெட்டிய சக்கரமான கேம், அதன்மேல் ஏறி இறங்கும் காண்டாக்ட் தகடுகள். அமெரிக்க வகை டைமர்கள் பலவற்றில் ஒரு சுற்றுக்கு 60 படிகள், படிக்கு 6 டிகிரி. அந்த மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மெஷினை 50 ஹெர்ட்ஸில் மாட்டினால் 10 நிமிடத் துவைப்பு 12 நிமிடமாகும், துவைக்கும் மோட்டாரும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வேகம் இழக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை மட்டும்தான் சரிசெய்யும்.

எதையும் வெட்டுவதற்கு முன் அட்டவணை போடுங்கள். பிளக்கைப் பிடுங்கி, மோட்டார் கெபாசிட்டரை ஒரு ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். பிறகு குமிழை ஒவ்வொரு படியாகத் திருப்பி, எந்த முனைகள் இணைகின்றன என்று மல்டிமீட்டரில் பார்த்துக் கட்டம் போட்ட தாளில் குறிக்க வேண்டும். ஒரு மாலை முழுக்கப் போய்விடும். அந்தத் தாள் இல்லாமல் இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றுச் சுவரில் நடப்பது மாதிரி. குமிழைப் பின்னோக்கித் திருப்பாதீர்கள், பல டைமர்களின் உள் நெம்புகோல் அதில்தான் உடைகிறது. மின்சாரம் இருக்கும்போது திருப்புவதும் வேண்டாம். வழியில் ஸ்பின் காண்டாக்டைத் தாண்டும்போதெல்லாம் பொறி பறந்து வெள்ளிப் பூச்சு கருகும். கருகியதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இருக்கிற வெள்ளியும் போகும். காண்டாக்ட் கிளீனரும் கெட்டித் தாள் துண்டும் போதும்.

மிக எளிய மாற்றம், டைமர் மோட்டாருக்குப் போகும் வயரில் ஒரு சுவிட்ச். அணைத்தால் டைமர் அதே படியில் நிற்கும், துவைப்பு நீளும். தொட்டி நடுவே நின்று துணியை ஆட்டும் அஜிட்டேட்டர் உள்ள பழைய டாப் லோடர்களில் இது அப்படியே வேலை செய்யும், ஏனென்றால் முன்னும் பின்னும் ஆட்டுவது கியர்பாக்ஸ். ஃபிரன்ட் லோடரில் இங்கேதான் சறுக்குகிறார்கள். டிரம்மை வலமும் இடமும் மாற்றுகிற, வேகமாகச் சுழலும் கேமும் பெரும்பாலும் அதே டைமர் மோட்டாரில் ஓடுவது. மோட்டாரை நிறுத்தினால் டிரம் ஒரே பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து துணியைக் கயிறாக முறுக்கும், அல்லது இடைவேளையில் மாட்டிக்கொண்டு சும்மா நிற்கும். அத்தகைய டைமர்களில் படி நகர்வதை மட்டும் தடுக்கும் தெர்மோஸ்டாப் காயில் இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் காயிலுக்கு மின்சாரம் கொடுத்தால் நிற்கும், சிலவற்றில் கொடுத்தால்தான் நகரும்.

வெறும் சுவிட்ச் வைத்தால் மறந்துபோவோம் என்பது தனிப் பிரச்சினை. 15 நிமிட டைம் டிலே ரிலேயின் நார்மலி குளோஸ்ட் காண்டாக்டை, அதாவது காயிலில் மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் காண்டாக்டை, டைமர் மோட்டார் வயரில் தொடரில் போடுங்கள். பட்டனை அழுத்தினால் 15 நிமிடம் திறந்திருந்து தானாக மூடிக்கொள்ளும். ரிலே காயில் செத்தாலும் மெஷின் பழையபடி ஓடும்.

தண்ணீர் மட்டத்தில் ஒரு மூடநம்பிக்கை உண்டு: தொட்டியின் தண்ணீர் மட்டத்தைக் காற்றழுத்தத்தால் அறியும் பிரஷர் சுவிட்சை மேலே தூக்கி மாட்டினால் தண்ணீர் கூடும் என்பது. கூடாது. குழாயில் இருப்பது காற்று. உயரத்தைத் தீர்மானிப்பது கீழே இருக்கும் காற்றுக் குடுவையும் சுவிட்சின் ஸ்பிரிங்கும். ஸ்பிரிங் திருகை மாற்றுமுன் அளந்துகொள்ள ஒரு டி இணைப்பு, ஒரு ஊசி போடும் சிரிஞ்ச், பாதி தண்ணீர் நிரப்பி யு வடிவில் வளைத்த ஒளி ஊடுருவும் குழாய் போதும். சிரிஞ்சை மெல்ல அழுத்துங்கள். கிளிக் சத்தம் வரும்போது யு குழாயின் இரு பக்க மட்ட வித்தியாசமே சுவிட்சின் அளவு. அங்கே 10 மில்லிமீட்டர் கூட்டினால் தொட்டியிலும் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கூடும். திருகின் பழைய இடத்தை நகப்பூச்சால் குறித்துக்கொண்டு, கால் சுற்றுக்கு ஒருமுறை அளக்க வேண்டும். அழுத்தம் குறையும்போது வரும் இரண்டாவது கிளிக்கையும் குறியுங்கள். இரண்டுக்கும் இடைவெளி குறைந்துவிட்டால், டிரம் அலம்பும்போதெல்லாம் வால்வு திறந்து மூடித் துடிக்கும். அதிகபட்ச மட்டத்துக்கான பாதுகாப்புத் திருகைத் தொடவே கூடாது.

2, 3 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை. துணி மேலிருந்து விழுந்து அடிபடுவதால்தான் ஃபிரன்ட் லோடர் துவைக்கிறது. மிதந்தால் அடி இல்லை. துவைப்பிலும் தண்ணீரைக் கூட்டினால் சூடேறும் நேரமும் நீளும்: 2,000 வாட் ஹீட்டரில் கூடுதல் 5 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுவர ஏறக்குறைய 7 நிமிடம். ஆகவே உயர்ந்த மட்டத்துக்கு இன்னொரு பிரஷர் சுவிட்சை டி இணைப்பில் சேர்த்து, அலசல் படிகளில் மட்டும் அது வேலை செய்யும்படி வயர் போடுவதே சரி.

சூட்டைக் குறைப்பது பார்வைக்குச் சுலபம். 60 டிகிரி தெர்மோஸ்டாட்டுக்குத் தொடரில் ஒரு 40 டிகிரி, அதற்குக் குறுக்கே ஒரு பைபாஸ் சுவிட்ச். சுவிட்ச் மூடியிருந்தால் 60, திறந்தால் 40. ஹீட்டர் சொன்னபடி கேட்கும், மெஷின் மட்டும் விடியவிடியச் சுற்றும்! காரணம், 60 டிகிரி வந்தால்தான் டைமரை நகரவிடும் காண்டாக்ட் பழைய தெர்மோஸ்டாட்டிலேயே இருக்கிறது, அந்த 60 இனி வரப்போவதில்லை. டைமருக்குப் போகும் வயரையும் சேர்த்து மாற்றுகிற இரட்டைத் துருவ சுவிட்ச் வேண்டும், 40 டிகிரி தெர்மோஸ்டாட்டும் ஒரு முனையை விட்டு இன்னொரு முனைக்கு மாறுகிற சேஞ்ச்ஓவர் வகையாக இருக்க வேண்டும்.

ஸ்பின் வேகத்தைக் கூட்டப் புல்லியை மாற்றுகிறவர்களுக்கு ஒரு கணக்கு மட்டும்: 800 சுற்றை 1,000 ஆக்கினால் வேகம் கால்பங்கு கூடும், விசை 1.56 மடங்காகும். பல பத்தாண்டு பழைய பேரிங் அதைக் கேட்டு வாங்கவில்லை.

டைமர் உண்மையிலேயே செத்துப்போய், மாற்று டைமரும் கிடைக்காதபோது மைக்ரோகன்ட்ரோலருக்கு வாருங்கள், தவறில்லை. ஆனால் பிரஷர் சுவிட்ச், கதவுப் பூட்டு, அதிசூட்டுத் தெர்மோஸ்டாட் மூன்றும் ஹீட்டர் வயரில் நேரடியாகத் தொடரில் இருக்க வேண்டும். புரோகிராமில் ஒரு வரியாக அல்ல. 2,000 வாட் என்பது 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர். மலிவான போர்டில் 10 ஆம்பியர் என்று அச்சிட்ட ரிலேயை நம்பாமல் 16 ஆம்பியருக்குக் குறையாத ரிலேயோ கான்டாக்டரோ போடுங்கள். துவைக்கும் மோட்டாரின் இரண்டு திசைகளையும், இரு வேக மோட்டாராக இருந்தால் துவைப்பு, ஸ்பின் சுருள்களையும், தனித்தனி ரிலேக்களில் விடாதீர்கள். சேஞ்ச்ஓவர் காண்டாக்டில் போட்டால் புரோகிராம் பைத்தியம் பிடித்தாலும் இரண்டும் ஒன்றாக ஓட வழியில்லை. திசை மாறும்முன் டிரம் நிற்கும்வரை சில நொடி இடைவெளி விடுங்கள். வால்வும் பம்பும் அணையும் நொடியில் போர்டு ரீசெட் ஆனால், அவற்றின் காயிலுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகைக் கெபாசிட்டரும் தொடரில் கொண்ட, மின் துள்ளலை அடக்கும் ஸ்னப்பர் போட்டுப் பாருங்கள்.

இதில் பலர் யோசிக்காதது மின்வெட்டு. பழைய டைமர் நின்ற இடத்தில் நிற்கும், மின்சாரம் வந்ததும் அங்கிருந்தே தொடரும். இரும்புக்கு அந்த ஞாபகம் இலவசம். உங்கள் போர்டோ தொட்டி நிறைய வெந்நீரை வைத்துக்கொண்டு முதல் படியிலிருந்து ஆரம்பிக்கும். விழித்ததும் பிரஷர் சுவிட்சைப் படித்து, நிரம்பியிருந்தால் முதலில் வடிக்கச் சொல்லுங்கள். போர்டு விழிக்கும் அரை நொடியில் எந்த ரிலேயும் தானாக இழுக்கிறதா என்பதையும் பாருங்கள், லோ சிக்னலில் இயங்கும் ரிலே போர்டுகளில் இது நடக்கும்.

முதல் ஓட்டம் துணியில்லாமல், ஹீட்டர் வயரைக் கழற்றி இன்சுலேஷன் செய்துவிட்டு, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வழியாக. எர்த் தொடர்ச்சியை அதற்கு முன்பே பாருங்கள். ரப்பர் உறை வயர் வளைத்தால் நொறுங்குகிறது என்றால், மாற்றம் எல்லாம் அப்புறம், முதலில் வயரிங்.