மரம் அறுக்கும் மிஷின் வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்

மரம் அறுக்கும் செயின்சாவில் பெட்ரோல் மிஷினா, பேட்டரி மிஷினா? சோழவந்தான் தென்னந்தோப்புக்காரருக்கு ஒரு பதில், திருமங்கலம் பக்கம் சீமைக்கருவேலம் அறுத்து விறகுக்குப் போடுபவருக்கு வேறு பதில். மதுரை கே.கே.நகரில் வாசல் வேம்பைக் கழிக்க நினைப்பவருக்கு இன்னொன்று. மூவருக்கும் ஒரே மிஷினைத் தள்ளிவிடுகிற கடையில் வாங்காதீர்கள்.

பேட்டரியை முதலில் எடுத்துக்கொள்வோம். 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 18 × 5 = 90 வாட்-அவர், அதாவது உள்ளே சேமித்திருக்கும் மின்சாரத்தின் அளவு. இரண்டு மாட்டும் மிஷினுக்கு 180. செயின் மரத்துக்குள் முழு பாரத்தில் ஓடும்போது சுமார் 1,000 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 180 வாட்-அவர் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 11 நிமிடமா என்று முகம் சுளிக்க வேண்டாம். கைத் தடிமனுள்ள கிளையை அறுக்க மூன்று விநாடி போதும், அப்படிப் பார்த்தால் 200 வெட்டு. பெட்ரோல் மிஷின் சும்மா உறுமிக்கொண்டிருக்கும் நேரத்திலும் எண்ணெய் குடிக்கும். பேட்டரி மிஷின் விசையை விட்டதும் நின்றுவிடும். கிளை கழிக்கிற வேலையில் பாதி நேரம் நடையும் இழுப்பும்தான் என்பதால் இது பெரிய லாபம். ஆனால் ஒன்றரை அடித் தடிமனுள்ள புளியமரத்தில் வைத்தால் நிலைமை தலைகீழ். ஒரே அறுப்பில் மோட்டார் சூடேறி, பாதுகாப்பு சர்க்யூட் தானே அணைத்துவிடும். மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள். கெடவில்லை, அளவுக்கு மீறி அழுத்தியதுதான் காரணம்.

நம் ஊர் வெயிலை எந்த விளம்பரமும் கணக்கில் சேர்ப்பதில்லை. லித்தியம் பேட்டரியை 5 முதல் 40 டிகிரிக்குள் சார்ஜ் போடச் சொல்லிப் பல கையேடுகள் சொல்கின்றன. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகைக்குள் அந்த 40 எப்போதோ தாண்டியிருக்கும். வேலை முடித்த கையோடு சுடச்சுட சார்ஜரில் போட்டால் நல்ல சார்ஜர் ஏற்க மறுக்கும், மட்டமான சார்ஜர் ஏற்றித் தொலைக்கும். ஏற்றினால் செல்லின் ஆயுள் போச்சு. நிழலில் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் படியும். மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால் முழு சார்ஜும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் இருக்கட்டும். தோப்பில் பிளக் பாயிண்ட் இல்லையென்றால் இரண்டு ஜோடி பேட்டரி வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலையைப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் மிஷினைக் கொல்வது பெரும்பாலும் பெட்ரோலில் ஆயில் சேர்க்கும் கலவைதான். 50-க்கு 1 என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்) ஆயில். 25-க்கு 1 என்றால் 40 மில்லி. பாட்டில் மூடிக் கணக்கு உதவாது, மருந்துக்கடையில் ஒரு சிரிஞ்சு வாங்கி அளந்து ஊற்றுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும், ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டாங்க்குக்குள் உறிஞ்சும் குழாயின் முனை கிடப்பது அடியில். அப்படியானால் எஞ்சினுக்குப் போவது ஆயில் இல்லாத கலவை. பிஸ்டன் கோடு விழுந்து இறுகிப்போகும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள், ஊற்றும் முன் குலுக்குங்கள். வேலை முடிந்து எடுத்து வைக்கும்போது டாங்க்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் கார்ப்ரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு (டயாஃபிரம்) விறைத்துப்போகும். அடுத்த சீசனில் கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலிப்பது அதனால்தான்.

அடுத்தது ஸ்டிக்கர் மோசடி. இதில்தான் எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் ஏமாறுகிறவர் கடன் வாங்கி மிஷின் எடுக்கும் கூலிக்காரர். 58 சிசி, 62 சிசி என்று ஒட்டி வரும் பெயர் தெரியாத மிஷின்களுக்கு பிஸ்டன் கேட்டால் பெரும்பாலும் 45 மி.மீ. சொச்சம்தான் கையில் கிடைக்கும். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தால் பெருக்குங்கள், எல்லாம் சென்டிமீட்டரில். 4.5 விட்டம், 3.3 ஏற்றஇறக்கம் என்றால் 52 சிசிக்குச் சற்று மேல். மீதி சிசி ஸ்டிக்கரில் மட்டும் இருக்கிறது.

பேட்டரியிலும் இதே கதை. ஒற்றைக் கையில் பிடிக்கும் குட்டி மிஷின்களில் 48, 88 என்று எண் போட்டு, பின்னால் 'விஎஃப்' என்று எழுதியிருப்பார்கள். அது வோல்ட் அல்ல. வரிசையில் ஐந்து செல் இருந்தால் 5 × 3.6 = 18 வோல்ட், முழு சார்ஜில் 21. சார்ஜரின் மேல் 21 வோல்ட் என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது அதுதான். சந்தேகம் இருந்தால் தராசில் வையுங்கள். இந்தப் பேட்டரிகளுக்குள் வழக்கமாக இருக்கும் உருளை வடிவ 18650 செல் ஒன்று சுமார் 45 கிராம் இருக்கும். பத்து செல் என்று சொல்லும் பேட்டரி கூடோடு சேர்த்தே 350 கிராம்தான் நின்றால், உள்ளே பத்து இல்லை.

எந்த நாட்டுத் தயாரிப்பு என்ற கேள்விக்கு வருகிறேன். 'ஜெர்மன் மிஷின்' என்று கடைக்காரர் சொல்வது கம்பெனி பிறந்த ஊரை. ஸ்டீல் (Stihl) 1926-ல் ஜெர்மனியில் தொடங்கிய கம்பெனி. ஆனால் அதற்கு அமெரிக்காவிலும் பிரேசிலிலும் சீனாவின் சிங்தாவோவிலும் ஆலைகள் உண்டு. அதன் செயின் வருவது சுவிட்சர்லாந்தின் வில் நகரத்திலிருந்து. ஹஸ்க்வர்னா 1689-ல் சுவீடனில் துப்பாக்கி செய்யத் தொடங்கியது, செயின்சாவுக்கு வந்தது 1959-ல். ஜப்பானின் மக்கிட்டா எஞ்சின் கருவிகள் செய்வதையே 2022-ல் நிறுத்திவிட்டு பேட்டரிக்கு மாறிவிட்டது. பழைய ஸ்டாக்கில் அதன் பெட்ரோல் மிஷின் மலிவாகக் கிடைத்தால், உதிரிபாகம் கையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுங்கள். இறக்குமதிப் பொருளின் பெட்டியில் தயாரித்த நாடு அச்சிட்டிருக்க வேண்டும், ஆன்லைனிலும் காட்ட வேண்டும், அது விதி. இறக்குமதியாளரின் சென்னை முகவரியையோ டெல்லி முகவரியையோ பார்த்து இந்தியத் தயாரிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். சீனத்தில் செய்தது என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம். என்னைக் கேட்டால் நாட்டைவிட மூன்று பொருள் முக்கியம்: செயின், பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), பேட்டரி செல். இந்த மூன்றும் மதுரையில் தனியாக விலைக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி தனியாகக் கிடைக்காத மிஷின் இரண்டே வருடத்தில் பழைய இரும்பு.

செயினைப் பற்றி ஒரு வார்த்தை. தென்னையின் வெளிமரம் நார் இறுகிய கடினம், முனையைச் சீக்கிரம் மழுக்கும். சீமைக்கருவேலத்தின் தூரில் மண் அப்பியிருக்கும், முதலில் அரிவாளால் பட்டையைச் செதுக்கிவிட்டு வையுங்கள். சீவல் சீவலாக வராமல் மாவாகக் கொட்டினால் பல் மழுங்கிவிட்டது. சிறிய மிஷின்களின் 3/8 லோ-புரொஃபைல் (உயரம் குறைந்த) செயினுக்கு 4 மி.மீ. வட்ட அரம், .325 செயினுக்கு 4.8 (3/8, .325 என்பவை செயின் கண்ணி இடைவெளியின் அங்குல அளவு). முப்பது டிகிரி சாய்வில், உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போனால், ஒரு பக்கத்துப் பற்கள் குட்டையாகிவிட்டன என்று அர்த்தம். பாருக்குக் கழிவு ஆயில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள இரும்புத்தூள் ஆயில் பம்ப்பைத் தின்றுவிடும்.

கைலியும் ரப்பர் செருப்புமாக மரத்தில் ஏறி, ஒரு கையால் கிளையைப் பிடித்து மறுகையால் குட்டி மிஷினை ஓட்டுகிறார்கள். அந்தக் குட்டி மிஷின் பலவற்றில் செயினைச் சட்டென நிறுத்தும் செயின் பிரேக்கே கிடையாது. பாரின் மூக்கு நுனி மேல்பக்கம் எதிலாவது பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும், அதைத் தடுக்க ஒரு கைக்கு நேரமே இல்லை. சத்தம் இல்லாததால் பேட்டரி மிஷின் அணைந்துவிட்டது என்று நினைத்து செயினைத் தொடுகிறவர்களும் உண்டு. செயினை இறுக்கும் முன் பேட்டரியைக் கழற்றிக் கீழே வையுங்கள். கடையில் காசு கொடுப்பதற்கு முன் பிரேக்கை முன்னால் தள்ளி, விசையை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். செயின் அசைந்தால் வேறு மிஷின் கேளுங்கள்.