ஃபில்டர் மாற்றவுமா சர்வீஸ் சென்டர்?

வீட்டில் கார் சர்வீஸ் செய்வது ஆபத்து, எதற்கென்றாலும் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும் என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரேயடியாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை. பிரேக், ஸ்டியரிங் என்றால் சரி, அதில் கை வைக்கக் கூடாது. ஆனால் காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் ஏசி ஃபில்டருக்குமா? ஸ்விஃப்ட், வேகன் ஆர் மாதிரி பல கார்களில் அது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பாக்ஸின் இரண்டு பக்கமும் உள்பக்கமாக அழுத்தினால் இறங்கி வந்துவிடும், அப்புறம் சின்ன மூடியைத் திறந்து பழையதை உருவிவிட்டு, புதியதில் போட்டிருக்கும் அம்புக்குறியைப் பார்த்துச் செருகினால் முடிந்தது வேலை. இதற்கு பில்லில் தனியாக லேபர் சார்ஜ் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர், வைப்பர் பிளேடு எல்லாம் இதே கதைதான்.

எஞ்சின் ஆயில் மாற்றுவதில்தான் கவனம் வேண்டும். வெறும் ஜாக்கில் தூக்கிய காருக்கு அடியில் போகவே போகாதீர்கள், தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். எந்த கிரேடு, எத்தனை லிட்டர் என்பது காரோடு தரும் புத்தகத்திலேயே இருக்கும். பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள், புது ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவிக் கையாலேயே முடுக்குங்கள், ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்த முறை கழற்றப் படாத பாடு படுவீர்கள். வாரண்டி முடியாத கார் என்றால் சர்வீஸ் சென்டருக்கே விடுங்கள். பழைய ஆயிலைத் தயவுசெய்து சாக்கடையில் ஊற்றாதீர்கள், கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.