மணி ரேட்டை 2080ஆல பெருக்காதீங்க
ஒருத்தர் எமர்ஜென்சி டாக்டரோட ஒரு மணி நேர ரேட்டை எடுத்து, வாரம் 40 மணி, வருஷம் 52 வாரம்னு 2080ஆல பெருக்கி இதான் வருமானம்னு போட்டிருக்கார், அந்தக் கணக்கே தப்புங்க. இவங்களுக்கு ஷிஃப்ட் கணக்கு, 12 மணி நேர ஷிஃப்ட் மாசம் 12 பார்த்தாலே பல இடத்துல ஃபுல் டைம்தான், கூட்டிப் பார்த்தா வருஷத்துக்கு 1728 மணி, அதுலயும் நைட்டு, ஞாயிறு, லீவு நாள் எல்லாம் கலந்துதான் வரும். காலைல 7 மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சும் கேஸ் நோட்ஸ் எழுதிட்டு உக்காந்திருப்பாங்க, அதுக்கு நிறைய இடத்துல தனியா காசு கிடையாது (இத யாரும் எண்ணுறதே இல்ல). இன்னொண்ணு, பெரிய ரேட்டெல்லாம் பெரும்பாலும் கான்ட்ராக்ட்ல வர்றவங்களுக்கு. லீவு போட்டா அன்னிக்கு சம்பளம் இல்ல, பென்ஷனுக்கு அவங்களே சேர்த்து வைக்கணும், இன்சூரன்ஸும் பல நேரம் கைக்காசுதான். நிரந்தர வேலைல ரேட்டு கம்மியா தெரியும், ஆனா இதெல்லாம் உள்ளயே வந்துரும்.